தட்டுக்குள் ஒரு குலவை

கிரணபாலா நாற்பத்தேழு படங்களில் பாடினாள். ஐம்பது என்று சொல்கிறவர்களும் உண்டு. எந்தெந்தப் படம் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. நாற்பத்தேழுதான். கல்கத்தாவில் ரேடியோ இருந்த வீடுகளுக்கெல்லாம் அவள் குரல் தெரியும். ஆனால் ஷ்யாம்பஜார் பக்கம் வில்வமரச் சந்தில் இருந்த எங்களுக்கு அவள் குலவைக்காரி. பாட்டு யார் வேண்டுமானாலும் பாடலாம். நாக்கைச் சுழற்றிக் குலவை போட நெஞ்சில் மூச்சு வேண்டும், மனசில் சந்தோஷம் வேண்டும், கையில் சுமங்கலியின் சங்கு வளையல் வேண்டும். மூன்றும் அவளுக்கு இருந்த காலத்தில் அவள் போட்ட குலவை ஒன்று இசைத்தட்டில் ஏறியது. அந்தத் தட்டு என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

அவள் பிறந்தது பரிசால் பக்கம், ஆறும் வாய்க்காலுமாகக் கிடக்கிற ஊரில். அங்கே கல்யாண மாப்பிள்ளை படகில்தான் வருவான். கரையில் பெண்கள் குலவை போடுவார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு படகைத் துறைக்குக் கொண்டுவருவார்கள். கிரணபாலாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு பனிக்கால அந்தியில் பக்கத்து வாய்க்கால் வீட்டில் கல்யாணம். இவளுக்குப் பொறுக்கவில்லை. தன் வீட்டுத் துறையில் நின்று ஒரு குலவை போட்டுப் பார்த்தாள். மூடுபனிக்குள் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை படகு நேராக இவள் வீட்டுத் துறையில் வந்து முட்டியது. நாற்பது பேர், மேளதாளத்தோடு இறங்கிவிட்டார்கள். வீட்டில் கல்யாணமும் இல்லை, சமைத்ததும் இல்லை. இவள் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நாற்பது பேருக்கும் பொரியும் வெல்லமும் கொடுத்துத் திரும்ப அனுப்பினார். மாப்பிள்ளைக்கு என்னமோ அந்தப் பொரி பிடித்துப் போய், இன்னொரு கை கேட்டு வாங்கினானாம்.

பதினாறு வயதில் அவளைக் கல்கத்தாவில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் ரமாபதி டிராமில் கண்டக்டர். தங்கமான மனுஷன், சத்தமாகச் சிரிப்பான், சத்தமாகத் தும்முவான். வீட்டில் அவனுக்கு ஒரு தம்பி, உமாபதி. அப்புறம் பிஷிமா.

பிஷிமா என்றால் அப்பாவின் அக்கா. ரமாபதியின் அப்பாவுக்கு அக்கா அவள். பெயர் க்ஷேத்ரமணி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் செத்துப் போய்விட்டார்கள், சந்து முழுவதற்கும் அவள் பிஷிமாதான். பதினோரு வயதில் தாலியறுத்தவள். தாயில்லாத ரமாபதியையும் உமாபதியையும் வளர்த்து ஆளாக்கியவள். அவள் வெள்ளைப் புடவைத் தலைப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். பதின்மூன்று சாவி. வீட்டில் இருந்த பூட்டு நாலுதான். மிச்ச ஒன்பது சாவி எதற்கு என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அவள் நடந்தால் கொத்து தோளுக்குப் பின்னால் கிணுங்கும். அதைக் கேட்டுத்தான் உமாபதி பீடியை அணைப்பான்.

கிரணபாலா வந்த பிறகு சந்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் முதல் குலவை அவளுடையது. டிராம் மணியையே அமுக்கிவிடும் என்பான் ரமாபதி. அதை அவன் டிராமிலும் சொல்லிக்கொண்டு திரிந்தான். வெள்ளைக்காரன் போன மறு வருஷம், டாலிகஞ்ச் வண்டியில் தினமும் வயலின் பெட்டியோடு ஏறுகிற ஒருவர் ரமாபதியிடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூணு நாளாச்சுப்பா. கல்யாண சீனுக்கு ஒரு குலவை வேணும். பாடற பொண்ணுங்களைப் போடச் சொன்னா, ராகத்துல போடுதுங்க. கல்யாண வீடு மாதிரியே இல்ல, கச்சேரி மாதிரி இருக்கு."

"என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றான் ரமாபதி, டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.

வீட்டில் சொன்னபோது பிஷிமா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"சினிமாக் கொட்டாய்க்கு நம்ம வீட்டுப் பொண்ணா?"

"கொட்டாய் இல்ல பிஷிமா, ஸ்டூடியோ. படம் எடுக்கிற இடம். இவ மூஞ்சி தெரியாது, சத்தம் மட்டும்தான்."

"சத்தம் எங்க போனாலும் மூஞ்சியும் கூடவேதான்டா போகும்." நறுக்கிய காயைச் சட்டியில் தள்ளிவிட்டு, "நானும் வர்றேன்," என்றாள்.

அப்படித்தான் கிரணபாலா தன் முதல் பதிவுக்குப் போனாள்: முன்னால் பித்தளைச் செம்பில் கங்கைத் தண்ணீரோடு பிஷிமா, பின்னால் சிவப்புக் கரைப் புடவையில் முக்காடு போட்ட இவள். ஸ்டூடியோத் தண்ணீரைப் பிஷிமா தொடமாட்டாள்.

இசை அமைப்பவர் ஹரிசாதன் பாபு, ஒல்லி மனிதர், மூக்குப்பொடி போடுகிறவர். ஒலிப்பதிவு செய்கிறவர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். கிரணபாலாவை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடி அறைக்குள் இருந்தவர் காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே ஓடி வந்தார்.

"மீட்டர் முள்ளு ஒடைஞ்சிடும்மா! பின்னால போ!"

நாலடி பின்னால் போனாள். அப்பவும் முள் துள்ளியது. இன்னும் நாலடி. அப்புறம் கதவு வரைக்கும். கடைசியில் கதவைத் திறந்து வைத்து, வெளியே படிக்கட்டில், சீதாமரத்தடியில் நிற்க வைத்தார்கள். மைக் உள்ளே, பாடுகிறவள் வெளியே.

அடுத்து வளையல். கைகளைத் தூக்கும்போது சங்கு வளையல்கள் மோதிச் சத்தம் போடுகின்றன என்றார் கண்ணாடி அறைக்காரர். ஹரிசாதன் பாபு தன் அங்கவஸ்திரத்தைக் கிழித்து இரண்டு கையிலும் சுற்றிவிட்டார். காயம்பட்டவள் மாதிரி நின்றாள் கிரணபாலா. படியின் ஓரத்தில் பிஷிமா ஜபமாலைப் பையில் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

முதல் குலவை நன்றாக வந்தது. இரண்டாவதன் கடைசியில், சீதாமரத்திலிருந்து ஒரு அணில் பிஷிமாவின் செம்பை நோக்கி இறங்கியது. கங்கைத் தண்ணீரில் அணில் வாய் வைப்பதா? பிஷிமா தலைப்பை ஓங்கி ஒரு வீசு வீசினாள். சாவிக்கொத்து படிக்கல்லில் பட்டு, கிணுங் என்றது. கிரணபாலா கடைக்கண்ணால் பார்த்தாள். ஆனால் மூச்சை விடவில்லை, மூன்றாவதையும் போட்டு முடித்தாள்.

உள்ளே போய்க் கேட்டுப் பார்த்தார்கள். "ஒரு கிணுக்கு விழுந்திருக்கே?" என்றார் கண்ணாடி அறைக்காரர்.

"வளையல் துணியைத் தாண்டிக் கேட்டிருக்கு. இருக்கட்டும்யா," என்றார் ஹரிசாதன் பாபு. "கல்யாண வீட்டுல வளையல் சத்தம் இல்லாம வேற என்ன கேக்கும்?"

அந்தக் கிணுக்கு யாருடையது என்று சொன்னால் பிஷிமா வீடு போய்ச் சேர்கிறவரை வாய் ஓயமாட்டாள். அதனால் கிரணபாலா சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் படியில் உட்கார்ந்து கையிலிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே அவள் ஊர்ப் படகுக்காரர்களின் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். ஹரிசாதன் பாபு பொடி போட எடுத்த விரல் மூக்கில் போகாமல் அப்படியே நின்றது. "அந்த மெட்டைத் திருப்பிப் பாடும்மா," என்றார். மறுவாரம் கூப்பிட்டு அனுப்பினார். குலவைக்கு நடுவில் அவள் குரலிலேயே ஒரு கல்யாணப் பாட்டை வைத்தார். படம் ஓடியதோ இல்லையோ, தட்டு ஓடியது. கல்கத்தாவில் அந்தத் தட்டு இல்லாமல் கல்யாணம் இல்லை என்றாகிவிட்டது. ஒரு நாள் ரமாபதியின் டிராம் ஒரு கல்யாண ஊர்வலத்தின் பின்னால் மாட்டிக்கொண்டது. பெண்டாட்டி குரல் ஒலிபெருக்கிக் குழாயில் கேட்கிறது, அவன் மணியடிப்பதை விட்டுவிட்டுப் படியில் நின்று தாளம் போட்டான். பின்னால் ஏழு டிராம் நின்றன.

அப்புறம் படம் மேல் படம். அவள் பாடிய படம் வந்தால் சந்துப் பெண்கள் எல்லாரும் மத்தியானக் காட்சிக்குப் போவார்கள். திரும்பி வந்து குறை சொல்வார்கள்.

"அந்தக் கதாநாயகி வாயையே தொறக்கல. நம்ம கிரண் அந்த இடத்துல வாயை எவ்ளோ பெருசா தொறப்பா!"

"ஆமா, அவளுக்குப் பல்லுல ஏதோ கோளாறு போல."

இந்தப் பேச்சு எப்படியோ நடிகை நீலிமா தேவியின் காதுக்குப் போனது. ஒரு நாள் சந்து முனையில் கார் நின்றது. சந்துக்குள் கார் நுழையாது. நீலிமா தேவி நடந்தே வந்தாள். கிரணபாலா பாடும்போது உதடும் கழுத்தும் எப்படி அசைகின்றன என்று பார்க்க வந்திருந்தாள். இவள் அடுக்களையில் உட்கார்ந்து பாட, அவள் எதிரில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயசைத்தாள். பிஷிமா நடுவில் வந்து நடிகையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்ன கை, கீரைத்தண்டா? உன் வீட்டுல சோறு போட மாட்டாங்களா?"

"போடுவாங்க பிஷிமா. சாப்பிடத்தான் விட மாட்டாங்க. காமிராவுல குண்டாத் தெரியுமாம்."

"காமிரா நாசமாப் போக." ஆறு தேங்காய் உருண்டை சாப்பிட்ட பிறகுதான் அவளை எழுந்திருக்க விட்டாள் பிஷிமா. அடுத்த படத்தில் நீலிமா தேவி வாயை நன்றாகத் திறந்தாள். சந்துக்குத் திருப்தி.

ரமாபதி போனது மகள் இலாவுக்குப் பத்து வயதில். மூன்று வாரக் காய்ச்சல். அதை நீட்டிச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். படித்துறையில் சங்கு வளையலைக் கல்லில் அடித்து உடைக்க வேண்டும் என்றார்கள் மற்ற பெண்கள். பிஷிமா அவர்களை விலக்கிவிட்டு, கிரணபாலாவின் கையை மடியில் வைத்து, சோப்புத் தேய்த்து, விரல் விரலாக மடக்கி, வலிக்காமல் கழற்றினாள். "எனக்கு அடிச்சு உடைச்சாங்க," என்றாள். "தழும்பு இன்னும் இருக்கு."

மூன்றாம் மாதம் ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்தது. கிரணபாலா தயங்கினாள். பிஷிமாதான் துரத்தினாள்.

"போ, பாடு. பாட்டு உன் வேலை. அதைப் பாடறதுக்கு யாருகிட்டயும் கேக்க வேண்டாம். இலாவை நான் பாத்துக்கறேன். ஆனா பௌமா, குலவை மட்டும் வேண்டாம். அது வேலை இல்ல. அது சுமங்கலிங்களோடது. நம்ம வாய்ல அது வரக் கூடாது."

பௌமா என்றுதான் அவள் மருமகளைக் கூப்பிடுவாள். "சரி பிஷிமா," என்றாள் கிரணபாலா. சொன்னபடியே இருந்தாள். கல்யாணப் பாட்டுப் பாடுவாள். குலவை வருகிற இடத்தில் இரண்டடி நகர்ந்து நிற்பாள், வேறு பெண்கள் போடுவார்கள். "மைக்குக்குக் கண்ணு கிடையாதும்மா," என்று ஹரிசாதன் பாபு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டாள். பத்து வருஷம், முழுசாகப் பத்து வருஷம், ஒரு குலவை கிடையாது.

இலாவுக்கு இருபது வயதானது. பர்தமானில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், சுபிமல், நல்ல பையன். மார்கழிக்கு முன்னால் அந்தி முகூர்த்தம் குறித்தாயிற்று. அப்போதுதான் இலா அடுக்களை வாசலில் நின்று அந்தப் பேச்சை ஆரம்பித்தாள். பிஷிமா அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிஷிமா, ஒண்ணு சொல்லிடறேன். அம்மா குலவை இல்லாம நான் மணைப்பலகையில உக்கார மாட்டேன்."

"உக்காராட்டி போ. நின்னுட்டே கல்யாணம் பண்ணிக்க. கால் வலிச்சா வாத்தியாரு பிடிச்சு விடுவாரு."

"கல்கத்தாவுல எல்லாப் பொண்ணுக்கும் எங்கம்மாதான் குலவை போட்டிருக்கா. எனக்கு மட்டும் கிடையாதா?"

பிஷிமாவின் கை நின்றது. திரும்ப நறுக்கத் தொடங்கியது. "கிடையாது."

உமாபதி உள்ளே எட்டிப் பார்த்தான். "நிஜக் குலவை வேண்டாம் பிஷிமா. தட்டைப் போட்டுடலாம். தட்டுக்குப் புருஷன் ஏது, பொண்டாட்டி ஏது?"

"தட்டுக்குள்ள போடறது யாருடா?"

"அண்ணிதான்."

"உங்க அண்ணி யாரு இப்போ?"

உமாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டான்.

கிரணபாலா இதையெல்லாம் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள், சத்தம் வெளியே வராமல். நாக்கு மறக்கவில்லை. அவளை ஒரு தரம் கேட்டிருந்தால் என் பாட்டு அத்தனையையும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஒன்றைக் கொடுங்கள் என்றிருப்பாள். கேட்கத்தான் ஆளில்லை.

நாலு நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இலா நகை போட்டுப் பார்க்க மாட்டேன் என்றாள். ஐந்தாம் நாள் காலையில் பிஷிமா, "பரண்லேருந்து அந்தப் பாட்டுப் பெட்டியை இறக்கு," என்றாள் உமாபதியிடம்.

கையால் சுற்றுகிற கிராமபோன். உமாபதி தட்டைப் போட்டான். பிஷிமா அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாம் முறை, இரண்டாவது குலவையின் கடைசியில், விரலை உயர்த்தினாள்.

"நிறுத்து. கேட்டீங்களா? கிணுங்னு ஒண்ணு."

"கேட்டுச்சு," என்றாள் இலா.

"பௌமா, இந்தத் தட்டு எப்போ எடுத்தாங்க?"

"அவர் இருந்தப்போ, பிஷிமா."

"கையில சங்கு வளையல் இருந்துதா?"

"இருந்துது. ஆனா..."

"ஆனாவும் கிடையாது ஆவன்னாவும் கிடையாது. அது வளையல் சத்தம். கேக்கறவங்களுக்குக் கேக்கும். இந்தத் தட்டுக்குள்ள இருக்கறவ சுமங்கலி. என்னிக்கும் சுமங்கலி. அவ குலவை போடலாம்."

கிரணபாலாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. துணி சுற்றிய வளையல் எப்படிச் சத்தம் போடும்? அணிலும், செம்பும், படிக்கல்லும் கண்முன் வந்தன. சொன்னால் எல்லாம் கெட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

புரோகிதர் பட்டாச்சார்ஜி மட்டும் கொஞ்சம் இழுத்தார். "சாஸ்திரத்துல தட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே..."

"சொல்லலைன்னா தடுக்கலைன்னுதானே அர்த்தம்? நீங்க சந்தனத்தைப் பாருங்க," என்றாள் பிஷிமா.

கல்யாண நாள் வந்தது. பெற்றவள் பிள்ளையின் கல்யாணத்தைக் கண்ணால் பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை, புருஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கிரணபாலா முற்றத்தை ஒட்டிய அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். பிஷிமாவும் கூட. முற்றத்துச் சடங்கில் அவளுக்கும் இடம் இல்லை, ஐம்பத்தெட்டு வருஷமாக இல்லை. ஜன்னல் திண்டில் கிராமபோன். அதற்குச் சாவி கொடுப்பது யார் என்று பேச்சு வந்தபோது, "இந்த வீட்டுல சாவி எல்லாம் என் கையிலதான்," என்று சொல்லிவிட்டாள் பிஷிமா.

முற்றத்தில் சுபிமல் சோளா என்கிற வெள்ளை நெட்டியில் செய்த கிரீடத்தோடு நின்றான். இலாவை மணைப்பலகையில் உட்கார வைத்து உமாபதியும் மூன்று உறவுக்காரர்களும் தூக்கினார்கள். இரண்டு வெற்றிலையால் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைச் சுற்றி ஏழு சுற்று. ஏழாவது முடிந்ததும் வெற்றிலையை விலக்கி இருவரும் முதல்முதலாக நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் குலவை. சந்துப் பெண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தட்டுக்காகக் காத்திருந்தார்கள். இலாவிடம் அப்படி வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அறைக்குள் பிஷிமா கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"போதும் பிஷிமா," என்றாள் கிரணபாலா.

"பாதியில நின்னுடும்."

"நிக்காது. போதும்."

"எனக்குச் சொல்லித் தர்றியா?" இன்னும் ஒரு சுற்று. இன்னும் ஒன்று.

பெட்டிக்குள் டொங் என்று ஏதோ அறுந்தது. கைப்பிடி லொடலொட என்று தானாகச் சுழன்றது. தட்டு அசையவே இல்லை.

ஏழாம் சுற்று முடிந்தது. முற்றத்தில் மேளம் நின்றது, சங்கு ஊதினார்கள், அதுவும் நின்றது. எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் பூப்போட்ட திரை.

"பிஷிமா!" உமாபதியின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "தட்டைப் போடுங்க! கை விட்டுப் போகுது, பொண்ணு வளர்ந்து போச்சு!"

"அம்மா குலவை வராம நான் இலையை எடுக்க மாட்டேன்," என்று இலா பலகை மேலிருந்து சொன்னது அறைக்குள் தெளிவாகக் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அறைக்குள் கிரணபாலா பிஷிமாவைப் பார்த்தாள். பிஷிமா லொடலொடத்த கைப்பிடியைப் பார்த்தாள், ஜன்னல் திரையைப் பார்த்தாள், கடைசியில் மருமகளைப் பார்த்தாள்.

"என்ன பாத்துட்டு நிக்கற?" என்றாள் மெல்லிய குரலில். "தூக்கிட்டு நிக்கற பையன் முதுகு ஒடியுது. வாயைத் தொற."

"பிஷிமா, நானா?"

"பின்ன, பெட்டியா தொறக்கும்?"

கிரணபாலா திரைக்குப் பக்கத்தில் போனாள். பழக்கம், மீட்டர் முள் உடைந்துவிடும் என்பது போல் நாலடி பின்னால் வந்தாள். கண்ணை மூடினாள். போட்டாள்.

பத்து வருஷமாக உள்ளே கிடந்தது. அது எழும்பியபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது, தெருமுனையில் ரிக்‌ஷாக்காரன் எழுந்து நின்றான். முற்றத்தில் சந்துப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். முதல் குலவை முடிந்தது. இரண்டாவது. அதன் கடைசியில், தட்டில் அந்தச் சத்தம் விழுகிற அதே இடத்தில், அவள் முதுகுக்குப் பின்னால் கிணுங் என்றது.

திரும்பினாள். பிஷிமா சாவிக்கொத்தைப் பின்சுவர்க் கல்லில் தட்டிவிட்டு நின்றிருந்தாள்.

"என்ன முழிக்கற?" என்றாள் பிஷிமா. "அது யாரோட சத்தம்னு எனக்குத் தெரியாதா? முதல் நாள் தட்டைக் கேட்டப்பவே தெரியும். என் சாவி எனக்குத் தெரியாதா? மூணாவதைப் போடு."

கிரணபாலாவுக்குச் சிரிப்பு பொங்கியது. சிரித்துக்கொண்டே குலவை போட முடியாது. மூன்றாவது பாதியில் உடையப் பார்த்தது. அப்போது பக்கத்திலிருந்து இன்னொரு குரல் அதைத் தாங்கிப் பிடித்தது. கரகரத்த குரல், துருப்பிடித்த கதவு மாதிரி. பதினோரு வயதுக்குப் பிறகு பிஷிமாவின் நாக்கு அந்தப் பக்கமே போனதில்லை. ஆனால் போன வேகத்தைப் பார்த்தால் தினமும் போய் வந்தது போல இருந்தது.

வெளியே இலா சிரித்த சிரிப்பில் வெற்றிலை இரண்டும் கீழே விழுந்தன. அவள் சுபிமலைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான். முற்றம் முழுவதும் குலவை வெடித்தது.

"பிஷிமா!" உமாபதி கத்தினான். "தட்டுல ரெண்டாவது குரல் ஒண்ணு கேக்குதே!"

"கோரஸுடா!" என்றாள் பிஷிமா திரைக்குள்ளிருந்து.

அப்புறமும் இரண்டு போட்டார்கள். தட்டில் இருப்பது மூன்று குலவை, அன்றைக்குக் கேட்டது ஐந்து. நான் எண்ணினேன். பட்டாச்சார்ஜியும் எண்ணியிருப்பார், ஏனென்றால் அதற்கப்புறம் மந்திரத்தை வெகு வேகமாகச் சொன்னார்.

சடங்கெல்லாம் முடிந்து உமாபதி தோளைத் தேய்த்துக்கொண்டு அறைக்குள் வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான். சுருள்வில் அறுந்து வெளியே தொங்கியது. தட்டை எடுத்தான், தூசி அப்படியே இருந்தது, முள் பட்ட கோடு இல்லை. அண்ணியைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான்.

"தட்டு இன்னிக்கு நல்லாப் பாடுச்சு," என்றான்.

"பழைய தட்டு. அந்தக் காலத்துல நல்லாத்தான் செய்வாங்க," என்றாள் பிஷிமா. "போய் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு மீன் பரிமாறு."

மறுநாள் காலையில் பிஷிமாவுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. பனியில் நின்றதால் வந்த சளி என்று வந்தவர்களிடமெல்லாம் சைகையில் சொன்னாள். கிரணபாலா இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரை ஆற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"முதல் தடவை பாடினா இப்படித்தான் பிஷிமா இருக்கும். எனக்கும் இருந்துது. ரெண்டு நாள் பேசாதீங்க."

பிஷிமா முறைத்தாள். அப்புறம் குரலே வராத தொண்டையில் கேட்டாள்:

"ஹரிசாதன் பாபு கோரஸுக்கு எவ்ளோ குடுப்பாரு?"